பத்து நிமிடம் ஓடுகிற பெட்டி

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
14-9-2003

பிலால் கண்ணுக்கு,

ஜீவானந்தத்தின் அம்மா பாவாயி எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. உன் விலாசத்தை நாமக்கல் போய் உன் அம்மா நஜிமாவிடம் வாங்கி வந்தேன். சவுதிக்கு எத்தனை ஸ்டாம்பு என்று எனக்குத் தெரியவில்லை. செம்மேட்டுத் தபாலாபீஸில் இருக்கிற அம்மாளே ஒட்டிக் கொடுத்தாள்.

ஜீவா போனது உனக்கு அப்போதே தெரியும் என்று உன் அம்மா சொன்னாள். வைகாசிக் கடைசியில், மழை பெய்து ஓய்ந்த ரோட்டில், நாற்பத்தோராவது வளைவில் வண்டி சறுக்கிவிட்டது. மூன்று மாசம் ஆகிறது. நீ ஒரு வரி எழுதவில்லை. அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நாமக்கல்லில் டிப்ளமா படிக்கும்போது சாமான் சாமானாகச் சேர்த்துச் செய்த அந்தக் கேம் கம்ப்யூட்டர் பற்றித்தான் எழுதுகிறேன். அது அவன் மேசை மேல் அப்படியே இருக்கிறது. செம்மேட்டில் கடை பிடித்து, இரண்டு பெட்டியை வயரால் இணைத்து, ஆட்களை எதிரெதிரே உட்கார வைத்து விளையாட விடப்போகிறோம் என்று நம் வீட்டில் சோறு தின்றுகொண்டே இரண்டு பேரும் பேசினீர்கள். பிறகு நீ வெளிநாடு போய்விட்டாய். அதற்கப்புறம் உங்களுக்குள் பேச்சு இல்லை. என்ன சங்கதி என்று அவனும் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

அந்தப் பெட்டி ஒருநாளும் ஒழுங்காக ஓடியதில்லை. கொஞ்ச நேரம் ஓடும், தானாக நின்றுவிடும். அதோடு மல்லுக்கட்டியே அவன் பொழுது போனது. “இது நிக்காம ஓடுற அன்னிக்கு மொதல்ல நீதாம்மா உக்காந்து கார் ஓட்டோணும்” என்பான். எனக்கு சைக்கிளே தெரியாது. சிரித்துவிட்டுப் போவேன்.

அது ஒரு தடவை ஓட வேண்டும் கண்ணு. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்போது பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. டிவி மாதிரி இருக்கிற பெட்டியில் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு கண்ணைச் சிமிட்டுகிறது. செம்மேட்டில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிற மாதேஸ்வரன் வந்து மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “கழட்டிக் குடுத்தீங்கன்னா என்ர மிசினுக்கு ஆகுமுங்க” என்றான். திறக்க விடாமல் அனுப்பிவிட்டேன். ஜீவாவின் அப்பா அதை வீட்டைவிட்டு எடு என்கிறார். சாப்பிடும்போது அந்த அறைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்.

அதைப் பிறப்பித்தவன் நீ. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

பாவாயி

•

தம்மாம்
3-10-2003

அன்புள்ள அம்மாவுக்கு,

பிலால் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தது தப்புங்க. நான்கு தடவை தாள் எடுத்தேன். முதல் வரிக்கு மேல் போகவில்லை.

கம்ப்யூட்டரைப் பார்த்துவிடலாம். நான் இங்கே ஒரு கடையில் சர்வீஸ் வேலைதான் செய்கிறேன். நேரில் இருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். லீவு கிடைக்க இன்னும் ஒன்றரை வருசம் ஆகும். அதனால் நீங்கள்தான் எனக்குக் கண்ணாக இருக்க வேண்டும்.

முதலில் சுவரில் இருக்கிற பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இது முக்கியம். பிறகு ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொடுங்கள். நம் உடம்பில் இருக்கிற சின்னக் கரண்ட் அதில் இறங்கிவிடும். பெட்டியின் முகத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கத் தகடு. அதற்குப் பின்னால் இரண்டு திருகாணி. ஸ்குரூ டிரைவர் அவன் டிராயரில் இருக்கும், மஞ்சள் பிடி போட்டது. திருகாணியைக் கழற்றித் தகட்டைப் பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும்.

எதையும் தொட வேண்டாம். உள்ளே என்ன தெரிகிறது என்று மேலிருந்து கீழாக எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. எதைப் போல இருக்கிறது என்று எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பா உடம்பு எப்படி இருக்கிறது?

பிலால்

•

ஆலத்தூர் நாடு
25-10-2003

பிலால் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே திறந்துவிட்டேன். தகடு வர மறுத்தது. சோற்றுப் பானை மூடியைத் தட்டுவது போல ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினேன், வந்துவிட்டது. உள்ளே இருந்து ஒரு பல்லி ஓடியது. ஜீவாவின் அப்பா வாசலில் நின்று, “மவன் போயி இப்ப ஆத்தா மெக்கானிக் ஆயிட்டாளாக்கும்” என்றார்.

நீ சொன்னபடி மேலிருந்து எழுதுகிறேன். மேலே பின்மூலையில் ஒன்றும் இல்லை. ஒரு செங்கல்லை உருவி எடுத்தது போலச் சதுரமாக ஓட்டை. அது வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிகிறது. அதற்குக் கீழே பச்சைப் பலகை. மலை மேலிருந்து ராத்திரியில் நாமக்கல்லைப் பார்த்தால் தெருத்தெருவாகத் தெரியுமே, அப்படிக் கோடு கோடாக இருக்கிறது. பலகை நடுவே ஒரு அலுமினியக் கட்டி. அதன் மேல் காற்றாடி. கட்டியின் இரண்டு பக்கத்திலும் வெள்ளைக் கைப்பிடி மாதிரி ஒன்று. பக்கத்தில் சீப்பு மாதிரி இரண்டு பட்டை நிமிர்ந்து நிற்கிறது. இன்னொரு சின்னப் பலகை படுக்க வாக்கில் சொருகியிருக்கிறது, அதிலும் குட்டிக் காற்றாடி. கீழே முன்பக்கம் ஒரு இரும்புப் பொட்டலம். அதில் வயர் எதுவும் கரண்டுக்குப் போகவில்லை. சுவரிலிருந்து வருகிற கறுப்பு வயர் ஒன்று மேசைக்குப் பின்னால் தரையில் சும்மா கிடக்கிறது. அது உபரி வயர் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

தூசி நிறைய. ஊதலாம் என்று வாயைக் கொண்டுபோனேன். தொட வேண்டாம் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது.

இரண்டு வாரமாக மழை. மிளகுக் கொடியில் பாதி அழுகிவிட்டது. அப்பா உடம்பு இருக்கிறது. ஆள்தான் இல்லை.

பாவாயி

•

தம்மாம்
14-11-2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்தபோது பெட்டியே என் முன்னால் இருந்தது. இங்கே என்னிடம் வேலை கற்கிறவர்கள் யாரும் இவ்வளவு சரியாகச் சொல்வதில்லை.

அந்த ஓட்டையில் இருக்க வேண்டியதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். சுவரில் இருந்து வருகிற கரண்டை வாங்கி, மற்ற எல்லாவற்றுக்கும் தேவையான அளவு பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. ஒரு செங்கல் அளவுதான் இருக்கும். ஒருபக்கம் காற்றாடி, மறுபக்கம் கொத்தாக வயர். தரையில் கிடக்கிற கறுப்பு வயர் அதில்தான் சொருக வேண்டும். அது இல்லாமல் இந்தக் கம்ப்யூட்டர் வெறும் தகரம்.

நான்கு திருகாணியையும் ஒழுங்காகக் கழற்றித்தான் எடுத்திருக்கிறார்கள். திருடியவன் அப்படி எடுக்க மாட்டான். ஜீவாதான் கழற்றியிருக்க வேண்டும். அது கெட்டுவிட்டதோ என்று சோதிக்கக் கடைக்கு எடுத்துப் போவது வழக்கம்.

அம்மா, கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்கு அவனோடு என்ன இருந்தது?

பிலால்

•

ஆலத்தூர் நாடு
8-12-2003

பிலால் கண்ணுக்கு,

ஒரு பை இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் உயிர் போனவரோடு இருந்த சாமானை வருசம் திரும்புகிற வரைக்கும் கூரைக்குள் கொண்டுவரக் கூடாது. திறந்தும் பார்க்கக் கூடாது. அதனால் பையை அப்படியே பலா மரத்துக் கிளையில் கட்டிவிட்டோம். ஆறு மாசமாக அங்கேதான் தொங்குகிறது. வெயில், மழை எல்லாம் அதன் மேல்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஏணியை எடுத்தேன். ஜீவாவின் அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறுவதற்காகப் பிடிக்கவில்லை. ஏறக் கூடாது என்று பிடித்தார். “இன்னொரு சாவு ஊட்டுக்குள்ள வந்தா நீ பாத்துக்குவியா” என்று கேட்டார். இனிமேல் இந்த வீட்டில் சாவதற்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கையை எடுத்துவிட்டார்.

உள்ளே நான் கட்டிக் கொடுத்த சோற்று டப்பா. அதைப் பற்றி எழுதவில்லை. துண்டில் சுற்றிய ஒரு இரும்புப் பெட்டி. செங்கல் அளவுதான். ஆட்டினால் தண்ணீர் சத்தம். ஓரமெல்லாம் துரு. காற்றாடி ஓட்டைக்குள் எறும்பு புற்று வைத்திருக்கிறது.

பரீட்சைப் பணம் கட்ட நாமக்கல் போகிறேன் என்றுதான் அன்றைக்கு என்னிடம் சொன்னான். இதைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திட்டியிருப்பேன், அதனால் சொல்லவில்லை. ஆனால் அவன் சொல்லாமலேயே நான் திட்டினேன். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காமல் அதை நோண்டிக்கொண்டிருந்தான். காலையில் காப்பி கொடுத்தால் வாங்கவில்லை. “இந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டே நீ சாவப் போறே” என்றேன். வாயில் வந்துவிட்டது. அவன் சிரித்தான். டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினான். பத்து மணிக்கு ஆள் வந்து சொன்னார்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அப்பாவிடமும் சொன்னதில்லை. உன்னிடம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தூரத்தில் இருக்கிறாய், அதனால் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல். இந்த இரும்பில் அப்படி என்ன கோளாறு?

பாவாயி

•

தம்மாம்
2-1-2004

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்தத் துருப்பிடித்த பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் கரண்டில் சொருகாதீர்கள். திறக்கவும் வேண்டாம். ஆளை அடித்துவிடும்.

நாமக்கல்லில் என்னைப் பெற்ற அத்தா கடைக்குப் போன் செய்துவிட்டேன். ஜாபர் உசேன் எலக்ட்ரிகல்ஸ் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேட்டால் யாரும் காட்டுவார்கள். புது எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஜீவாவின் அப்பா வந்தால் கொடுத்துவிடுவார். பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். ஜீவாவும் நானும் போட்ட கணக்கில் அது சேரும்.

ஓட்டையில் பொருத்தி நான்கு திருகாணி போடுங்கள். வயர்களில் அகலமான ஒரு பிளக் இருக்கும், இருபது ஓட்டை உள்ளது. அது பச்சைப் பலகையின் ஓரத்தில் போகும். சின்னச் சதுரப் பிளக் ஒன்று, அது காற்றாடிக் கட்டிக்குப் பக்கத்தில். நான்கு ஓட்டை வரிசையாக உள்ளது கீழே இருக்கிற இரும்புப் பொட்டலத்துக்கு. எல்லாம் ஒரு வாக்கில்தான் நுழையும். நுழையாவிட்டால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். மலையில் சாயங்காலம் வோல்டேஜ் இருக்காது. விடிந்ததும் போடுங்கள்.

படம் வந்ததும் எலியை நகர்த்தி, சிவப்புக் கார் படத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் இரண்டு தடவை சட்டென்று தட்டுங்கள். ஸ்டீரிங்கும் மிதிகட்டையும் கட்டிலுக்கு அடியில் சாக்கில் இருக்கும். அதன் வயரைப் பெட்டிக்குப் பின்னால் சொருகுங்கள்.

அந்த வார்த்தையை நினைக்காதீர்கள் அம்மா. உங்கள் வார்த்தையால் எதுவும் நடக்கவில்லை.

பிலால்

•

ஆலத்தூர் நாடு
30-1-2004

பிலால் கண்ணுக்கு,

ஜீவாவின் அப்பாவே போய் வாங்கி வந்தார். நான் கேட்கவில்லை. பொங்கல் கழிந்த இரண்டாம் நாள் வேட்டி மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார். சாயங்காலம் வந்து பொட்டலத்தை மேசை மேல் வைத்துவிட்டு, “அந்தப் பாய் காப்பி வாங்கிக் குடுத்தாரு. ரெண்டு பேரும் பேசாமயே உக்காந்திருந்தோம்” என்றார். அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான்.

மாட்டுவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. அகலப் பிளக்கைத் தலைகீழாக வைத்து அழுத்தினேன். நீ எழுதியது ஞாபகம் வந்து திருப்பினேன், பல் பதிந்தது மாதிரி உட்கார்ந்துவிட்டது. விடியக் காத்திருந்து பொத்தானை அழுத்தினேன்.

ஓடுகிறது கண்ணு.

மூன்று காற்றாடியும் ஒன்றாகச் சுற்றின. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடியது. பிறகு மணி அடித்தது போல ஒரு சத்தம், அவன் போட்டு வைத்திருந்த படம் வந்தது. எட்டுக்கை அம்மன் கோவிலுக்குப் போகிற ரோடு. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் அப்பா பின்னால் நின்றார். இரண்டு பேரும் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிவப்புக் காரைத் தட்ட எனக்கு ஏழெட்டுத் தடவை ஆனது. மிதிகட்டையைத் தையல் மிஷின் மாதிரி விட்டு விட்டு மிதித்தேன். கார் துள்ளித் துள்ளிப் போய்ப் புல்லில் இறங்கியது. “ரோட்டுல உடு புள்ளே” என்றார் அவன் அப்பா. நீங்களே விடுங்கள் என்று எழுந்துவிட்டேன். அவர் உட்கார்ந்தார். ஒரு வளைவில் சரியாகத் திருப்பினார். அடுத்த வளைவு வருவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது.

கரண்ட் போகவில்லை. குண்டு பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பெட்டி மட்டும் செத்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் போட்டுப் பார்க்கிறேன். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒன்பது நிமிடம், பத்து நிமிடம், ஒருநாள் பதினொன்று. நின்ற உடனே திரும்பப் போட்டால் இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒரு மணி நேரம் ஆற விட்டால் மறுபடி பத்து. சூடாகிறதோ என்று அந்த அலுமினியக் கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருக்கிறது.

அவன் காலத்திலும் இப்படியேதான் நின்றது. அப்படியென்றால் அவன் எடுத்துப் போன இரும்பில் கோளாறு இல்லை, அல்லவா? வேறு எதில்? அவன் உன்னிடம் கேட்டானா? கேட்டிருந்தால் நீ என்ன சொன்னாய்?

பாவாயி

•

ஆலத்தூர் நாடு
10-3-2004

பிலாலுக்கு,

பதில் வரவில்லை. தபால் தொலைந்ததோ என்று செம்மேடு போய்க் கேட்டேன். தபாலாபீஸ் அம்மாள் பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

அவன் நோட்டில் ஒரு கடிதம் இருந்தது. அடித்து அடித்து எழுதி, பிறகு நல்ல தாளில் எழுதி அனுப்பியிருப்பான் போலிருக்கிறது. தேதி மே இருபது. உனக்குத்தான். இங்கிலீஷ் வார்த்தை வருகிற இடத்தில், அவன் பக்கத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்து நான் வைத்த பெயரைப் போட்டு எழுதுகிறேன்.

“இது மூணாவது லெட்டர்டா. நீ கோவமா இரு, வேண்டாங்கல. எனக்குப் பதில் மட்டும் சொல்லு. பத்து நிமிசத்துல நிக்குது. சீப்பு ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். கார்டைக் கழட்டிப் பாத்துட்டேன். கட்டி சில்லுனு இருக்குது, அதனால சூடு இல்ல. கரண்ட் பொட்டியாத்தான் இருக்கோணும்னு நெனக்கிறேன். உனக்கு என்ன தோணுது? நீ சொன்னா நம்புறேன்.”

நான் உனக்கு எழுதியதையே அவனும் எழுதியிருக்கிறான். அதே கேள்வி. அவனுக்கும் நீ இப்படித்தான் இருந்தாயா?

பாவாயி

•

தம்மாம்
28-3-2004

அம்மாவுக்கு,

ஆமாங்க. இப்படித்தான் இருந்தேன்.

அந்த அலுமினியக் கட்டிக்குக் கீழேதான் கம்ப்யூட்டரின் மூளை இருக்கிறது. ஓட ஓடச் சூடாகும். அந்தச் சூட்டைக் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகக் கட்டியின் அடியில் ஒரு பசை தடவி, பசை காயாமல் இருக்க மேலே மெல்லிய கண்ணாடித் தாள் ஒட்டிக் கொடுப்பார்கள். மாட்டுவதற்கு முன்னால் தாளை உரித்துவிட வேண்டும். உரிக்காவிட்டால் சூடு மேலே ஏறாது. மூளை வெந்துகொண்டிருக்கும், கட்டி சில்லென்று இருக்கும். தாங்க முடியாமல் அதுவே தன்னை அணைத்துக்கொள்ளும்.

அந்தக் கட்டியை மாட்டியது நான். எங்கள் வீட்டு மாடியில், 2002 டிசம்பரில். அன்று காலையில்தான் எனக்கு விசா வந்திருந்தது. அவனிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையிலேயே கை வேலை செய்தது. நான் தாளை உரிக்கவில்லை. மாட்டி முடித்த பிறகு விசா வந்ததைச் சொன்னேன். ஜீவா மலையில் எல்லோரிடமும் கடை போடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அத்தா முன்னாலேயே, “உன்ன நம்புனதுக்கு ஒரு நாய நம்பியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

பிப்ரவரியில் இங்கே ஒரு ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் மாட்டும்போது ஒரு கட்டியில் தாளை உரித்தேன். விரலில் தாள் இருக்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது. அவனுடையதில் இதை நான் செய்யவில்லை என்று. ஏப்ரலில் அவன் முதல் கடிதம் வந்தது. பத்து நிமிடத்தில் நிற்கிறது என்று எழுதியிருந்தான். எனக்கு உடனே தெரியும். எழுதவில்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. எழுதவில்லை. அவன் சொன்ன வார்த்தை நெஞ்சில் நின்றது. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று இருந்தேன். நான்காவது கடிதம் வந்தால் பதில் போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

நான்காவது வரவில்லை. என் அம்மாவின் போன்தான் வந்தது.

ஓட்டை இருக்கிறது என்று நீங்கள் எழுதியபோதே அவன் எதற்காகக் கீழே இறங்கினான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புதுப் பெட்டி வாங்கித் தரும்போதே தாளைப் பற்றியும் எழுதியிருக்கலாம். எழுதினால், இது உனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் வார்த்தையால்தான் அவன் போனான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஆறுதல் சொல்லிவிட்டு மறைந்துகொண்டேன்.

வெள்ளைக் கைப்பிடி இரண்டையும் எதிர்ப்பக்கம் தூக்குங்கள். கட்டி கையோடு வந்துவிடும். அடியில் தாள் இருக்கும். உரித்துவிட்டு அப்படியே வைத்து அழுத்துங்கள். பிறகு நிற்காது. நாள் முழுக்க ஓடும். இதைப் போன வருசம் ஏப்ரலில் நான்கு வரியில் எழுதியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

பிலால்

•

ஆலத்தூர் நாடு
25-4-2004

பிலாலுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் கழித்துத்தான் இரண்டாம் தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டேன். களை எடுத்தேன். செடியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்துக் காட்டுக்காரி வந்து கையைப் பிடித்தாள்.

உனக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். உன்னை என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ அதெல்லாம் எழுத. பேனாவில் வந்தது அன்று காலையில் அவனுக்கு நான் சொன்னதே. கிழித்துப் போட்டுவிட்டேன். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அதை நான் எழுத மாட்டேன்.

நீ செய்தது தெரிந்த பிறகாவது எனக்குப் பாரம் இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவில்லை. உன்னுடையது உன்னுடையதாகத்தான் இருக்கிறது. என்னுடையது அப்படியே இருக்கிறது.

நேற்று விடிந்ததும் திறந்தேன். கைப்பிடி இரண்டையும் தூக்கினேன். கட்டி வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். தாள் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் பழுப்பாகியிருக்கிறது. ஓரத்தில் பிடித்து இழுக்க ஒரு காது விட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளை இழுத்தாலும் வந்துவிடும். அதைக் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் மூன்று நாள் தூங்காமல் இதற்கு மேலேதான் குனிந்துகொண்டிருந்தான். இந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். சில்லென்று இருக்கவே விட்டுவிட்டான்.

நான் உரிக்கவில்லை. அப்படியே வைத்து மாட்டிவிட்டேன்.

ஒரு தடவை ஓட வேண்டும் என்று உன்னிடம் கேட்டவள் நான்தான். இப்போது என் விரலிலேயே அது இருக்கிறது, என்னால் முடியவில்லை. நாள் முழுக்க ஓடினால் ஒவ்வொரு நிமிடமும் எனக்கு என்ன சொல்லும் என்று தெரியும். பத்து நிமிடம் என்றால் தாங்கிக்கொள்கிறேன்.

ஜீவாவின் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தினமும் காலையில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. குளித்துவிட்டு வந்து உட்காருவார். ஸ்டீரிங்கைப் பிடிப்பார். பத்து நிமிடத்தில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கறுப்புத் திரையைப் பார்ப்பார், எழுந்து காட்டுக்குப் போவார். இது இப்படித்தான், இதற்கு மேல் ஓடாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவன் செய்தது இவ்வளவு தூரம் ஓடுகிறதே என்று மாதேஸ்வரனிடம் சொன்னாராம். அவரிடம் போய் நான் என்ன சொல்ல?

அந்தத் தாள் உன் கை உரிக்காமல் விட்டது. உனக்கு லீவு வரும்போது மலைக்கு வா. நீ உரி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் அப்பாவிடம் நீயே சொல். அதற்குப் பிறகு உனக்குச் சோறு போடுவேனா, கதவைச் சாத்துவேனா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுத முடியாது.

இனி இதற்குக் கடிதம் வேண்டாம். வரும்போது பஸ்ஸில் வா. யார் வண்டி கொடுத்தாலும் வாங்காதே.

பாவாயி